ஆனாலும்...

திரைப்படம் பார்த்து நாம் சிந்தும் கண்ணீருக்கு ஏதேனும் மதிப்பு உண்டா? எவரோ எழுதிய ஒரு பாத்திரத்துக்காக, உலகில் இல்லாத ஒருவருக்காக, நெஞ்சு கனத்து அழுதவன் அந்த அழுகையால் நல்லவன் ஆகிறானா? அல்லது, தன்னை நல்லவன் என்று நம்பிக்கொள்வதற்கு அது ஒரு மலிவான வழியாகிவிடுகிறதா? இந்தக் கேள்வியை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலைச் சாலையை ஒட்டிய ஒரு கரிசல் கிராமத்தின் டூரிங் கொட்டகையில், மணல் தரையில் உட்கார்ந்து பெற்றேன். விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. கிடைத்த விடையும் எனக்குப் பெருமை தருவதாக இல்லை.

மணல் தரையில் கல்யாணி

எங்கள் பக்கத்துக் கொட்டகை என்றால் கீற்று வேய்ந்த கூரை, இடுப்பளவு மண்சுவர், ஆண்களையும் பெண்களையும் பிரிக்க நடுவே ஒரு குட்டைச் சுவர், கீழே மணல். ஒற்றை இயந்திரம் வைத்து ஓட்டுவதால் சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கு எரியும். படம் முடிவதற்குள் மூன்று நான்கு இடைவேளைகள் வந்துபோகும். முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்துகொள்வோம். நகரங்களில் ஓடி முடித்து ஆண்டுகள் கழிந்த படங்களே எங்களுக்குப் புதுப்படங்கள். அப்படித்தான் 1963இல் வெளிவந்த 'நானும் ஒரு பெண்' 1967இல் எங்களிடம் வந்து சேர்ந்தது.

ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்து, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கிய படம் அது. ஒரு வங்க நாடகத்தைத் தழுவியது. அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. ஜமீன் வீட்டுக்கு மருமகளாக வந்து சேரும் கல்யாணி என்ற பெண்ணின் கதை. அவள் கறுப்பு, படிப்பும் இல்லாதவள். கணவனாக எஸ்.எஸ். இராஜேந்திரனும், மாமனாராக எஸ்.வி. ரங்காராவும், கல்யாணியாக விஜயகுமாரியும் நடித்திருந்தார்கள். வெறுப்பு சூழ்ந்த வீட்டைப் பொறுமையாலும் பணிவிடையாலும் அவள் வெல்கிறாள். கறுத்த கண்ணனிடம் தன் நிறத்தைச் சொல்லி அவள் முறையிடும் பாடலைப் பி. சுசீலா பாடியிருப்பார். அந்தப் பாடல் எழுந்தபோது பெண்கள் பக்கத்தில் முந்தானைகள் கண்களுக்கு உயர்ந்தன. சிறுவன் என்பதால் அம்மாவோடு அங்கே உட்கார்ந்திருந்த எனக்கும் அழுகை வந்தது. எனக்கு அப்போது 11 வயது.

அழாதவள் ஒருத்திதான். என் அக்கா. அவளுக்கு 16 வயது. எங்கள் வீட்டிலேயே நிறம் குறைந்தவள் என்று உற்றாரும் ஊராரும் அவளிடமே சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்கள். படம் விட்டு, நிலா வெளிச்சத்தில் வெடித்துக் கிடந்த கரிசல் காட்டின் ஊடே நடந்து வருகையில், அம்மா கல்யாணியின் துன்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தாள். நெடுநேரம் பேசாமல் வந்த அக்கா சொன்னாள்:

"அவளுக்கென்னம்மா, வீட்டுக்குப் போயி மூஞ்சியக் கழுவினாப் போயிரும்."

"பேசாம வா ஏட்டி" என்றாள் அம்மா. அதன் பிறகு வீடு வந்து சேரும்வரை எவரும் பேசவில்லை.

அக்கா சொன்னது எவ்வளவு சரியான திறனாய்வு என்று எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. விஜயகுமாரி சிவந்த நிறத்தவர். கல்யாணியின் கறுப்பு ஒப்பனைக்காரர் பூசியது. அதே கதை 1964இல் இந்திக்கும் 1965இல் தெலுங்குக்கும் போயிற்று. அங்கே மீனா குமாரியும் சாவித்திரியும் நாயகியரானார்கள். கறுத்தவளைப் பற்றிய கதைக்கு மூன்று மொழிகளிலும் ஒரு கறுத்த நடிகை அமையவில்லை. கறுப்புக்காக இரங்குங்கள் என்று நமக்குச் சொன்ன திரையுலகம், அந்தக் கறுப்பை உண்மையாகவே சுமந்த ஒருத்தியைக் கல்யாணியாக்கத் துணியவில்லை. நடித்தவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. விஜயகுமாரியின் நடிப்பு என்னை அழவைத்த நடிப்பு. ஆயினும், நம்முடைய இரக்கம்கூடக் கழுவினால் போய்விடும் கறுப்பையே விரும்பியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

டார்ஜானின் பக்கம்

கோவில்பட்டித் திரையரங்குகளில் எப்போதாவது ஆங்கிலப் படம் வரும். டார்ஜான் படம் என்றால் நாங்கள் நண்பர்கள் சேர்ந்து சைக்கிள் மிதித்தே போய்விடுவோம். மரத்துக்கு மரம் தாவும் வெள்ளைக்கார நாயகனுக்கு நாங்கள் அடித்த சீழ்க்கை இன்றும் என் காதில் இருக்கிறது. அந்தப் படங்களில் கறுப்பு மனிதர்களும் வருவார்கள். வெள்ளையரின் மூட்டைகளைத் தலையில் சுமந்து வரிசையாக நடப்பார்கள். மலைவிளிம்பில் கால் தவறி விழுவதும், முதலை வாயில் அகப்படுவதும் அவர்கள்தாம். அவர்களுக்குப் பெயர் இராது. விழுந்தவருக்காகப் படம் ஒரு நொடிகூட நிற்காது. எங்கள் சீழ்க்கையும் நிற்காது.

வெயிலில் பருத்தி எடுத்துக் கறுத்த பிள்ளைகள் நாங்கள். திரைக்குள் எங்களை இறக்கிவிட்டிருந்தால் எந்த வரிசையில் நிறுத்தியிருப்பார்கள் என்பதில் ஐயமே இல்லை. தலைச்சுமைக்காரர் வரிசையில்தான். இருந்தும் நாங்கள் ஒருவர்கூட அந்த வரிசையில் எங்களைக் கண்டதில்லை. கலையின் ஆற்றல் அப்படிப்பட்டது. தன்னைப் போன்றவன் விழும்போது கைதட்டவும் அது ஒரு மனிதனைப் பழக்கிவிடும்.

அந்த வயதில் எனக்கு மதிப்போடு அறிமுகமான கறுப்பு மனிதர் ஒருவர் உண்டு. அவர் திரையில் வந்தவரல்லர், கிறிஸ்துமஸ் குடிலில் வந்தவர். மூன்று அரசருள் ஒருவர் கறுப்பாக இருப்பார். மத்தேயு நற்செய்தியில் ஞானிகளின் எண்ணிக்கையும் இல்லை, நிறமும் இல்லை. ஐரோப்பிய இடைக்காலக் கலைஞர்களே உலகம் முழுவதும் குழந்தை இயேசுவிடம் வந்தது என்று காட்ட ஓர் அரசரை ஆப்பிரிக்கராகத் தீட்டினார்கள். அந்தக் கறுப்பரசர் கைகட்டி நிற்கவில்லை, சுமை தூக்கவில்லை, தலையில் முடி சூடி, தன் பொருளைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். குடில் கட்டும்போது அவரை எடுத்து வைக்கும் பொறுப்பை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பாலைவனத்தில் ஒரு தொழிலாளி

1974இல் நான் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவன். விடுதிக் கூடத்தில் ஒரு குருவானவர் 16 மி.மீ. கருவியில் படம் காட்டுவது உண்டு. ஒருநாள் இரவு 'லில்லீஸ் ஆஃப் தி ஃபீல்ட்' என்ற படத்தைக் காட்டினார். மலைப்பொழிவில் ஆண்டவர் எடுத்துக்காட்டும் வயல்வெளி மலர்களைக் குறிக்கும் தலைப்பு. அதுவும் 1963இல் வெளிவந்த படமே என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். கல்யாணி சென்னையில் முகத்துக்குக் கறுப்புப் பூசிக்கொண்ட அதே காலத்தில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஒரு கறுப்பர் தம் சொந்த முகத்தோடு படக்கருவியின் முன் நின்றிருக்கிறார்.

ஹோமர் ஸ்மித் என்பது பாத்திரத்தின் பெயர். நடித்தவர் சிட்னி பாய்ட்டியர். ஊர் ஊராகக் காரில் சுற்றிக் கைவேலை செய்து பிழைப்பவன், வண்டிக்குத் தண்ணீர் கேட்டு ஒரு வறண்ட பண்ணையில் நிற்கிறான். அங்கே கிழக்கு ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த சில கன்னியர் இருக்கிறார்கள். தலைவி மரியா அன்னை அவனைக் கண்டவுடன், சிற்றாலயம் கட்டக் கடவுள் அனுப்பிய ஆள் இவனே என்று முடிவுகட்டிவிடுகிறார். அவனோ பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவன். கூரையைச் செப்பனிட்டுவிட்டுக் கூலி கேட்கிறான். உழைப்பவன் தன் கூலிக்கு உரியவன் என்ற பொருளுடைய விவிலியப் பகுதியை அவன் எடுத்துக்காட்ட, அன்னையோ வயல்வெளி மலர்களைப் பற்றிய பகுதியைத் திருப்பிக் காட்டுகிறார். விடுதிக் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்புக்கு நடுவே ஒன்று தைத்தது. கேட்பது அவன் உரிமை. கிடைத்தது மறைநூல் மேற்கோள்.

எனக்கு மிகப் பிடித்த திரைப்பாத்திரம் எது என்று இன்றும் யாரேனும் கேட்டால் தயங்காமல் ஹோமர் ஸ்மித் என்பேன். அவன் ஆலயம் கட்டிக் கொடுத்தான் என்பதற்காக அல்ல. அவன் கணக்குக் கேட்பவன். தன்னைப் 'பையா' என்று விளித்த ஒப்பந்தக்காரரை அதே சொல்லால் திருப்பி விளிப்பவன். கன்னியர் தரும் காலை உணவு வயிற்றுக்குப் போதாமல் சாலையோர உணவகத்தில் வயிறார உண்பவன். அவ்வூர் மக்கள் உதவிக்கு வரும்போது, "இது நான் தனியே கட்டவேண்டிய கோவில்" என்பதுபோல் முகம் சுளிக்கும் செருக்கும் அவனுக்கு உண்டு. கடைசியில் கோபுர உச்சியில், கடவுள் மட்டுமே பார்க்கக்கூடிய இடத்தில், தன் பெயரைப் பொறித்துவிட்டு, இரவோடு இரவாக ஒருவரிடமும் சொல்லாமல் போய்விடுகிறான். பெயரில்லாமல் மலையிலிருந்து விழுந்த எத்தனையோ சுமைகாரர்களுக்குப் பிறகு, தன் பெயரைத் தானே எழுதிய ஒருவனை நான் அன்று பார்த்தேன்.

அந்த நடிப்புக்காக 1964 ஏப்ரலில் பாய்ட்டியர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே. அவருக்கு முன்னர் 1940இல் துணைநடிகைக்கான பரிசைப் பெற்ற ஹாட்டி மெக்டானியல், விழாக் கூடத்தில் தம் படத்தின் பிற நடிகர்களிலிருந்து பிரிந்து தனிமேசையில் உட்கார வைக்கப்பட்டவர். திரையில் அவரைக் கண்டு நெகிழ்ந்தவர்களுக்கு, அவர் பக்கத்து நாற்காலியில் அமர்வது வேறு செய்தியாக இருந்தது.

இரண்டு குறுக்கம் கரிசல்

1978இல் அக்காவுக்குத் திருமணம் கூடியது. அதற்கு முன் ஆறேழு இடங்கள் வந்து, பலகாரம் உண்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று போயிருந்தார்கள். கூடிய இடத்திலும் நிறத்தை ஈடுகட்டக் கூடுதலாக நகை கேட்டார்கள். அப்பா இரண்டு குறுக்கம் கரிசல் காட்டை விற்றார். வாங்க வந்தவர் காட்டில் குனிந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் நொறுக்கிப் பார்த்தார். "நல்ல கறுப்பு. மழைத்தண்ணியக் குடிச்சா மாசக்கணக்கா ஈரம் காக்கும்" என்று மனமாரப் புகழ்ந்து, விலையில் பேரம் பேசாமல் கொடுத்தார். கறுப்பு மண்ணை அதன் கறுப்புக்காகவே கூடுதல் விலைக்கு விற்று, கறுப்பு மகளை அவள் கறுப்புக்காகவே கூடுதல் நகை போட்டு அனுப்பினோம். அந்த முரண்பாட்டை எங்கள் வீட்டில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனிக்கவில்லை.

கவனிக்கவில்லை என்பதற்குச் சான்று, நான் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு செய்தது. 1983 ஆகஸ்ட் 15, காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா. எங்கள் பகுதிக் கத்தோலிக்கர் கூடும் பெருவிழா. அங்கே ஆலய முற்றத்தில், யாருக்கும் தெரியாததுபோல் எனக்கு ஒரு பெண்ணைக் காட்டினார்கள். ஆசிரியப் பயிற்சி முடித்தவள். தன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். கறுப்பு.

வீட்டுக்கு வந்ததும் அக்காதான் கேட்டாள்.

"என்னடா, பிடிச்சிருக்கா?"

"குணமான பொண்ணுன்னுதான் சொல்றாக. படிப்பும் இருக்கு. ஆனாலும்..." என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "ஆனாலும்"க்குப் பிறகு என்ன வரும் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவை இல்லாதவள் அவள். கையில் இருந்த சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணிக்காக அழுதவனும், ஹோமர் ஸ்மித்தைத் தன் நாயகன் என்று கொண்டாடியவனும் அதே நான்தான். அந்தப் பெண்ணும் எங்கோ ஒரு கொட்டகையில் அதே படத்தைப் பார்த்திருப்பாள். தன்னைச் சுற்றி எல்லாரும் அழுவதைக் கண்டு, "இவ்வளவு நல்லவர்களா!" என்று ஒருவேளை நம்பியும் இருப்பாள்.

அகுஸ்தினாரின் கேள்வி

இத்தகைய அழுகையைப் பற்றி நமக்கு முன்பே ஒருவர் சிந்தித்திருக்கிறார். வட ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த புனித அகுஸ்தினார், தம் தன்வரலாற்று நூலான 'அறிக்கைகளின்' மூன்றாம் பகுதியில், கார்த்தேஜ் நகரில் தாம் நாடகப் பித்தராய்த் திரிந்த நாள்களை எண்ணிப் பார்க்கிறார். தனக்கு நேர விரும்பாத துயரத்தை மேடையில் காண மனிதன் ஏன் விரும்புகிறான்? அந்தத் துயரமே அவனுக்கு ஏன் இன்பமாகிறது? அங்கே எவருக்கும் உதவ அவனை அழைப்பதில்லை, வருந்த மட்டுமே அழைக்கிறார்கள் என்பது அவர் கண்ட விடை. சிறுவயதில், கதையில் வரும் கார்த்தேஜ் அரசி தீதோவுக்காக அழுத தாம், தம் சொந்த ஆன்மாவின் நிலைக்காக அழவில்லையே என்றும் வருந்துகிறார்.

நாம் பாத்திரங்களை நேசிக்கிறோம். ஏனெனில் பாத்திரங்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. கல்யாணி நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போவதில்லை. ஹோமர் ஸ்மித் நம்மிடம் கூலி கேட்கப் போவதில்லை. ஆகவே அவர்களுக்கு நம் நெஞ்சைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, அழகில் விருப்பு வெறுப்பு இயல்பானது, அது எப்படிப் பாவமாகும் என்பது. இயல்பானதாக இருந்தால் அதை யாரும் கற்றுத்தர வேண்டியிருக்காது. நாமோ பிள்ளை பிறந்த அன்றே "சிவப்பா, மாநிறமா?" என்று கேட்டுக் கற்பிக்கத் தொடங்குகிறோம். நிறத்தை வெளுப்பாக்கும் என்று 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த முகப்பசை ஒன்று, உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2020இல் தன் பெயரிலிருந்து வெளுப்பைக் குறித்த சொல்லை நீக்கியது. 45 ஆண்டுகள் பாடம் நடத்திய பின், பாடநூலின் அட்டையை மட்டும் மாற்றிய கதை அது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. குணத்தைக் காட்டித்தானே கறுப்பை ஏற்கச் செய்ய முடியும், கல்யாணியின் கதை அதைத்தானே செய்தது என்பது. ஆம், செய்தது. ஆனால் அதற்கு அவள் ஒரு புனிதையாக வேண்டியிருந்தது. சிவந்த மருமகள் கோபப்படலாம், சோம்பலாம், மாமனாரிடம் முகம் கொடுக்காமலும் இருக்கலாம். கறுத்தவளுக்கு அந்த உரிமை இல்லை. அமெரிக்காவிலும் 1960களின் பிற்பகுதியில் பாய்ட்டியரின் பாத்திரங்கள்மீது கறுப்பர்களே இக்குறையைச் சொன்னார்கள். வெள்ளையர் ஏற்கும்படி எப்போதும் குறையற்றவராகவே வருகிறார் என்றார்கள். அதில் உண்மை உண்டு. ஹோமருக்கும் இறுதியில் கூலி கிடைக்கவில்லை என்பதை நானும் மறக்கவில்லை. எனினும் கேட்டான் என்பதை எண்ணி ஆறுதல் கொள்கிறேன்.

'உம்' என்னும் இடைச்சொல்

இனிமைமிகு பாடலின் தொடக்கத்தில் மணமகள் தன் நிறத்தைப் பற்றிப் பேசுகிறாள். தான் கறுப்பு, தான் அழகு என்கிறாள். தன்னைக் கறுக்கச் செய்தது வெயில் என்கிறாள். கறுப்பையும் அழகையும் இணைக்க எபிரேய மூலத்தில் இருப்பது ஒரேயோர் எழுத்து. அதை 'உம்' என்றும் கொள்ளலாம்; 'ஆனால்' என்றும் கொள்ளலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்று கொண்டது. இலத்தீன் 'ஆனால்' என்று கொண்டது. தமிழிலும் நாம் 'ஆனாலும்' என்ற பொருள்படவே படித்துப் பழகியிருக்கிறோம். கறுப்பும் அழகும் ஒருத்தியிடம் இயல்பாகச் சேர்ந்திருக்கலாம் என்பது மொழிபெயர்ப்பாளர் பலருக்குத் தோன்றவில்லை போலும்.

நன்னூல் 'உம்' என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்லும். எனக்கு இரண்டு போதும். 'நானும் ஒரு பெண்' என்பதில் உள்ள 'உம்' ஒருத்தியை மற்றவரோடு சேர்க்கிறது. 'ஆனாலும்' என்பதில் உள்ள 'உம்' கொடுத்த புகழ் அனைத்தையும் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது. கொட்டகையின் உள்ளே முதலாவதைச் சொல்லி அழுதேன். கொட்டகைக்கு வெளியே இரண்டாவதைச் சொல்லித் தப்பினேன். என் அறவாழ்வின் தோல்வி இந்த இரண்டு 'உம்'களுக்கு இடையில்தான் நடந்தது.

அப்படியானால் கண்ணீருக்கு மதிப்பே இல்லையா? உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் அது கடனாகப் பெற்ற மதிப்பு. பாத்திரத்துக்காக அழுதவன் ஓர் உறுதிச்சீட்டில் கையெழுத்திடுகிறான். கொட்டகைக்கு வெளியே, அந்தப் பாத்திரத்தின் முகத்தோடு ஒரு மனிதர் வந்து நிற்கும் நாளில் அந்தக் கடனை அடைத்தாக வேண்டும். அடைத்தால் அழுகை இரக்கமாகும். அடைக்காவிட்டால் அது வெறும் பொழுதுபோக்காகவே நின்றுவிடும்.

சென்ற ஆண்டு எங்கள் உறவில் ஒரு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் குணம், வேலை, குடும்பம் எல்லாம் பேசி முடித்து, பெரியவர் ஒருவர், "எல்லாம் சரிதான், ஆனாலும்..." என்று இழுத்தார். எழுபதைத் தாண்டிய அக்கா ஓரத்தில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். 1983இல் அவள் என்னிடம் கேளாமல் விட்டதை நான் அவரிடம் கேட்டேன்.

"ஆனாலும்னா என்னண்ணே? முழுசாச் சொல்லுங்க."

அவர் விழித்தார். இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்" என்றார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அந்தச் சம்பந்தம் முடிந்ததா என்பது இக்கட்டுரைக்குத் தேவையற்ற செய்தி. அந்தச் சொல்லுக்குப் பிறகு வரும் வாக்கியத்தை வாய்விட்டு முடிக்க எவராலும் முடிவதில்லை என்பதே நான் கண்டது. அன்பு வாசகர்களே, உங்கள் வீடுகளில் அச்சொல் எழும்போது, அதைச் சொன்னவரை மரியாதையோடு முழுவதும் சொல்லச் சொல்லுங்கள். அச்சொல் உங்கள் வாயிலேயே எழுந்தால், உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அக்காவும் நானும் பேத்தியின் கைப்பேசியில் 'நானும் ஒரு பெண்' பார்த்தோம். கண்ணன் பாடல் வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னும் கழுவலையாக்கும் இவ" என்று சொல்லிச் சிரித்தாள். இம்முறை என்னால் அழ முடியவில்லை. அக்காவுக்குத்தான் கண் கலங்கியிருந்தது.